குதிரைக்குச் சேணம்: சுங்கை சிப்புட்டில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. அப்பா ஈப்போ குதிரைப் பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக இருந்தவர். எனக்கு வேலை லோரி உதிரிபாகக் கடையில், மாலையானால் இரண்டு குதிரைகள். ஒன்று ஓடி ஓய்ந்த ரேஸ் குதிரை, பெயர் வீரா. இன்னொன்று குடா பாடி என்கிற குட்டைக் குதிரை, அதன் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர் குண்டன்.

சிங்கப்பூர் கிராஞ்சிப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்த பிறகு, "ரேஸ் குதிரை ஒன்று சும்மாவே தருகிறார்களாம், வாங்கலாமா" என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். குதிரை சும்மா கிடைத்துவிடும். அடுத்த வாரமே சேணம் பற்றிய கேள்வி வரும். ஒரே பதிலை வாட்சப்பில் நாற்பது தடவை தட்டியதில் விரல் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன்.

"சேடல்னா சேடல்தானே அண்ணே, எந்தக் குதிரைக்கும் போடலாம்ல?"

போட முடியாது. தோட்டத்து முனியாண்டி கோயில் வாசலில் நிற்கிற சிமெண்டுக் குதிரைக்குத்தான் அந்தக் கவலை இல்லை, சேணத்தையும் சேர்த்தே வார்த்துவிட்டார்கள். உயிருள்ள குதிரைகளில் ஒன்றின் முதுகு கூரை மாதிரி சரிவாக இருக்கும், இன்னொன்றுடையது மேசை மாதிரி அகலமாக இருக்கும். சேணத்தின் வேலை உங்கள் எடையை முதுகெலும்பில் படாமல் அதன் இரு பக்கத்துத் தசைகளில் பரப்பி வைப்பது. முதுகின் வடிவத்துக்கும் சேணத்தின் அடிப்பக்கத்துக்கும் ஒத்துப்போகாவிட்டால், மொத்த எடையும் நாலு விரல் அகலத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

"சேணத்துக்குள்ள என்ன இருக்கு? எந்தப் பாகத்தைப் பார்த்து வாங்கணும்?"

மேலே தெரிகிற தோல் வெறும் சட்டை. உள்ளே ஒரு சட்டம் இருக்கிறது, அதைத்தான் ட்ரீ என்பார்கள். பழைய முறையில் மரத்தாலும் இரும்புப் பட்டையாலும் செய்வார்கள், இப்போது பிளாஸ்டிக் வகைகளும் உண்டு. அதன் முன்பக்க வளைவு பிடரிமேட்டைத் தாண்டிப் பாலம் போல நிற்கும். பிடரிமேடு என்று நான் சொல்வது கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எழுந்து நிற்கும் எலும்பு மேட்டை. அந்த முன் வளைவின் அகலத்தை கல்லட் என்பார்கள், அளவுப் பேச்சில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும்.

அடியில் இரண்டு நீள மெத்தைகள், அதாவது பேனல்கள். உள்ளே கம்பளியோ நுரைப்பஞ்சோ காற்றுப் பையோ இருக்கும். இரண்டு பேனல்களுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடும், முதுகெலும்புக்கு அதுதான் வழிவிடும் இடம். ட்ரீ, பேனல், வாய்க்கால் இந்த மூன்றையும் பாருங்கள். தோல் பளபளப்பைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

"எவ்வளவு காசு எடுத்து வைக்கணும்?"

பெயர் பெற்ற தயாரிப்பில் புதிய தோல் சேணம் ஒரு நல்ல பழைய மோட்டோ விலைக்கு வந்து நிற்கும். அதே தரத்தில் பழையது பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். சிந்தெட்டிக் இன்னும் கீழே. நான் வீராவுக்கு இப்போது போடுகிற சிந்தெட்டிக் சேணத்தை 1,100 ரிங்கிட்டுக்கு, ஒருவர் நாலு வருடம் ஓட்டியதை வாங்கினேன்.

அதற்கு முன்னால் 650 ரிங்கிட்டுக்கு ஒரு அழகான பழுப்புத் தோல் சேணம் வாங்கினேன், படத்தை மட்டும் பார்த்து. விற்றவர் "எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்" என்றார், நானும் நம்பினேன். இரண்டே மாதத்தில் வீராவின் பிடரிமேட்டுக்கு இரண்டு பக்கமும் வீக்கம். டாக்டர், மருந்து, மூன்று மாதம் ஏறாமல் சும்மா வைத்துத் தீனி போட்ட செலவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டேன், அந்தக் கணக்கை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மொத்தத்தில் சேணத்துக்கு என்று ஒரு தொகை வைத்திருந்தால் முழுவதையும் சேணத்திலேயே போட்டுவிடாதீர்கள். வயிற்றுவார் (சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் பட்டை), அங்கவடி (காலை ஊன்றும் வளையம்), அதன் வார்கள், சேணத்துணி எல்லாம் தனிச் செலவு. விற்பவர் "சேணம் மட்டும்" என்று எழுதியிருந்தால் அது சேணம் மட்டும்தான்.

"தோலா சிந்தெட்டிக்கா? தோல்தானே கெத்து?"

கெத்துதான். ஆனால் இது நம் ஊர். இங்கே காற்றில் இருக்கிற ஈரத்துக்குத் தோல் சேணத்தை ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் பச்சைப் பூஞ்சணம் படிந்துவிடும். தினமும் துடைத்து, மாதம் ஒரு முறை சோப்புப் போட்டு எண்ணெய் பூச நேரம் இருக்கிறவர்களுக்குத் தோல் பல வருடம் உழைக்கும், உட்காரவும் அருமை. வேலை முடிந்து ஆறரைக்கு லாயத்துக்கு வந்து, ஏழேகாலுக்கு இருட்டுவதற்குள் ஏறி இறங்குகிற என் மாதிரி ஆட்களுக்கு சிந்தெட்டிக். ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்து நிழலில் மாட்டினால் வேலை முடிந்தது. எடையும் குறைவு.

இன்னொரு லாபமும் உண்டு. வின்டெக் போன்ற சில சேணங்களில் முன் வளைவு இரும்பை நாமே கழற்றி வேறு அகலத்தில் மாற்றிக்கொள்ளலாம். அவர்கள் நிறம் வைத்திருக்கிறார்கள்: மஞ்சள் மிகக் குறுகல், பிறகு பச்சை, கறுப்பு நடுத்தரம், நீலம், சிவப்பு அகலம், வெள்ளை மிக அகலம். ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும். இளைத்து வந்து பிறகு தேறப்போகிற ரேஸ் குதிரைக்கு இது எவ்வளவு உதவி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

"குதிரையோட ரேஸ் சேணமும் சேர்த்தே தந்தாங்க, அதையே போட்டா என்ன?"

ஜாக்கி அதில் உட்காருவதில்லை, அங்கவடியில் எழுந்து நின்று ஒன்றிரண்டு நிமிடம் பறக்கிறார், இறங்கிவிடுகிறார். அந்தச் சேணம் ஒரு கிலோகூட இருக்காது. காலைப் பயிற்சிக்குப் போடுவது கொஞ்சம் பெரிது, ஆனால் அதிலும் பெரும்பாலும் அரை ட்ரீதான், பின்பாதியில் தாங்கல் கிடையாது. அதில் எழுபது கிலோ ஆள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செம்பனைக் காட்டைச் சுற்றினால் எடை எல்லாம் பின்பக்கத்தில் முதுகெலும்பின்மேல் விழும். சுவரில் மாட்டி வையுங்கள், பார்க்க நன்றாக இருக்கும்.

"எந்த வகை? ஜம்பிங், டிரெஸ்ஸாஜ், கௌபாய், தலை சுத்துது."

பொது உபயோகச் சேணம், ஜிபி என்பார்கள், அதிலேயே தொடங்குங்கள். தாண்டுவதற்கான சேணத்தில் பக்க மடல், அதாவது காலுக்கு அடியில் தொங்கும் தோல், முன்னால் தள்ளியிருக்கும், குதிரையை ஒழுங்கான நடைகளில் நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜில் நேராகத் தொங்கும், ஜிபி நடுவில். தோலில் செய்த கௌபாய் வகை பெரும்பாலும் பன்னிரண்டு கிலோவும் அதற்கு மேலும் இருக்கும், அந்த எடையும் குதிரைதான் சுமக்க வேண்டும். நீண்டதூர ஓட்டம் வேறு உலகம். அதில் நம் நாடு சின்ன ஆள் இல்லை, 2008இல் உலகச் சாம்பியன்ஷிப்பே திரெங்கானுவில் நடந்தது. அதற்கென்று தனிச் சேணங்கள் உண்டு, ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் வீட்டுப் பக்கம் சுற்றுகிறவருக்கு அவ்வளவு தேவைப்படாது.

"முதுகை எப்படி அளக்கிறது? டெய்லர்கிட்ட கேக்கணுமா?"

ஹார்ட்வேர் கடையில் மூன்றடி தடித்த செப்பு வயர் வாங்குங்கள், வீட்டு வயரிங்குக்குப் போடுவது, வளைத்தால் வளைந்தபடி நிற்க வேண்டும். வரைபட வேலைக்கான வளையும் ரப்பர் ஸ்கேல் ஸ்டேஷனரி கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. குதிரையைச் சமதரையில் நாலு காலும் நேராக வைத்து நிறுத்துங்கள், தலை தொங்கவும் வேண்டாம், வானத்தைப் பார்க்கவும் வேண்டாம். தோள்பட்டை எலும்பின் பின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதிலிருந்து இரண்டு விரல் பின்னால் வயரைக் குறுக்காக முதுகில் போட்டு அழுத்தி அந்த வடிவத்தை எடுங்கள். அசையாமல் எடுத்து அட்டையில் வைத்துப் பென்சிலால் வரையுங்கள். முதுகின் மிகத் தாழ்ந்த இடத்தில் இன்னொன்று, கடைசி விலா எலும்புக்கு நேராக மூன்றாவது. அட்டையில் தேதி எழுதுங்கள், இடது வலது எது என்றும் எழுதுங்கள், நான் எழுத மறந்து ஒரு முறை திருப்பி வைத்துக் குழம்பினேன்.

நீளமும் முக்கியம். தோள்பட்டை எலும்பின் பின்னால் தொடங்கி கடைசி விலா எலும்பு வரை உள்ள இடம்தான் சேணத்துக்கு. குதிரைக்குப் பதினெட்டு ஜோடி விலா எலும்பு. கடைசி எலும்பைத் தடவிப் பிடித்து, அது வளைந்து மேலே போகிற கோட்டைப் பின்தொடர்ந்து முதுகில் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். பேனல் அந்தக் குறியைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் அதற்குப் பின்னால் கீழிருந்து தாங்க விலா எலும்பு கிடையாது.

"விளம்பரத்துல 'மீடியம்'னு போட்டிருக்கு. நம்ம குதிரையும் மீடியம்தான். வாங்கிடலாமா?"

ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் நேரோ. எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவு என்று ஒன்று கிடையாது. சிலர் முன் வளைவின் இரண்டு முனைகளுக்கு இடையே அளப்பார்கள், சிலர் வேறு இடத்தில். அதோடு ஒரே அகலத்திலும் வளைவு கூர்மையாக இருக்கலாம், மொட்டையாகவும் இருக்கலாம். அதற்குத்தான் அட்டை. விற்கிறவர் பக்கத்து ஊர் என்றால் அட்டையை வெட்டி எடுத்துப் போய் சேணத்தைக் கவிழ்த்து உள்ளே வைத்துப் பாருங்கள். தூரம் என்றால் அட்டையைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பி, அவரையும் சேணத்தின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடிப்பக்கப் படம் அனுப்பச் சலித்துக்கொள்கிறவரிடம் நான் வாங்குவதில்லை.

"வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு. பொருந்துதான்னு எப்படித் தெரியும்?"

சேணத்துணி இல்லாமல், வெறும் முதுகில் வையுங்கள். கொஞ்சம் முன்னால் வைத்து முடி படிந்திருக்கும் திசையில் பின்னால் தள்ளுங்கள். ஒரு இடத்தில் தானாக நிற்கும், அதுதான் அதன் இடம். ட்ரீயின் முனை தோள்பட்டை எலும்பின்மேல் ஏறி நிற்கக் கூடாது, மடல் தோளின்மேல் கிடந்தால் பரவாயில்லை.

பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்பக்கம் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் ட்ரீ குறுகல். முன்பக்கம் பிடரிமேட்டில் அமுங்கிக் கிடந்தால் அகலம். இருக்கையின் மிகத் தாழ்ந்த இடம் நடுவில் இருக்க வேண்டும். பிறகு பின்னால் நின்று, உதைக்குத் தள்ளி நின்று, வாய்க்கால் வழியாகப் பாருங்கள், முன்பக்கம் வரை வெளிச்சம் தெரிய வேண்டும். வாய்க்கால் முழு நீளத்துக்கும் மூன்று விரல் நுழைகிற அகலம் வேண்டும். கையைப் பேனலுக்கு அடியில் நுழைத்து முன்னிருந்து பின்னுக்குத் தடவுங்கள். முன்னும் பின்னும் இறுக்கமாகவும் நடுவில் காலியாகவும் இருந்தால் அது பாலம் கட்டி நிற்கிறது என்று அர்த்தம், நாலு மூலையில் மட்டும் எடை விழும். கையில் பிடிபடவில்லை என்றால் குதிரை முதுகில் முகப்பவுடர் தூவி, சேணத்தை வைத்து அழுத்தி எடுத்துப் பேனலைப் பாருங்கள். பவுடர் ஒட்டாத இடம் படாத இடம்.

இவ்வளவும் ஆள் இல்லாமல் பார்த்தது. வாரைக் கட்டி, வழக்கமாக ஏறுகிறவரை ஏறச் சொல்லி, பிடரிமேட்டுக்கும் முன் வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா என்று மறுபடி பாருங்கள். ஆள் ஏறியதும் சேணம் இறங்கும், அதனால் வெறுமனே வைக்கும்போது சரியாக இருந்தது இப்போது சரியில்லாமல் போகலாம். கடைசியாக ஒரு சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு உடனே இறக்கிப் பாருங்கள். ஈரம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நாலா பக்கமும் நனைந்து நடுவில் கைக்குட்டை அளவு காய்ந்திருந்தால், ஒன்று அங்கே அதிக அழுத்தம், அல்லது அங்கே சேணம் படவே இல்லை. எது என்பதைப் பவுடர் சொல்லும்.

"குதிரைக்கு மட்டும் பாத்தா போதுமா? எனக்கு?"

உங்களுக்கும் பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் பக்கவாட்டில் இருக்கிற ஆணியிலிருந்து, இருக்கையின் பின்னால் எழுந்து நிற்கும் பின்மேட்டின் நடு வரை அளப்பதுதான் இருக்கையின் அளவு, அங்குலத்தில். பெரியவர்களுக்குப் பொதுவாக 16.5 முதல் 18 வரை. உட்கார்ந்தால் பின்னால் ஒரு உள்ளங்கை அகலம் மிச்சம் இருக்கட்டும். இங்கேதான் சிக்கல்: ஆள் பெரிசு, குதிரை சின்னது என்றால் உங்களுக்கு வேண்டிய 18 அங்குலச் சேணம் மேலே சொன்ன கடைசி விலாக் குறியைத் தாண்டும். அப்போது சேணத்தை மாற்றிப் பயனில்லை, வேறு குதிரையைப் பார்க்க வேண்டும்.

அங்கவடியில் பூட்ஸை விட இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் கூடுதல் அகலம் வேண்டும், கால் சிக்காமல் இருக்க. அங்கவடி வார் மாட்டும் கம்பியின் கொக்கியைத் திறந்தே வையுங்கள், விழுந்தால் வார் கழன்று வரட்டும்.

"கொஞ்சம் லூசு, ஒரு தடிச்ச பேட் போட்டா சரியாயிடும்ல?"

அம்மா பால் வெட்டப் போன காலத்தில் காண்டாக் கம்பில் இரண்டு வாளி ரப்பர் பாலைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்குவார். தோளில் துண்டை மடித்து வைத்துக்கொள்வார். கம்பு நல்ல கம்பு என்றால் துண்டு உதவும். கம்பில் ஒரு கணு துருத்திக்கொண்டிருந்தால் எத்தனை துண்டு போட்டாலும் சாயங்காலம் தோளில் அந்தக் கணு பதிந்திருக்கும். பேட் விஷயமும் இதுதான்.

ட்ரீ கொஞ்சம் அகலமாக இருந்து, குதிரை தேறும் வரை தற்காலிகமாக ஒரு பேட் போடலாம், தவறில்லை. ஏற்கெனவே குறுகலாக இருக்கிற சேணத்துக்கு அடியில் பேட் போட்டால் இன்னும் இறுகும். அதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள், குதிரை வலியில் நெளிகிறது என்று இன்னொரு பேட்டும் போடுகிறார்கள்.

"பழசு வாங்கும்போது ஏமாறாம இருக்க எதைப் பாக்கணும்?"

முதலில் ட்ரீ உடைந்திருக்கிறதா என்று. உடைந்த ட்ரீ வெளியே தெரியாது. குதிரை அதன்மேல் உருண்டிருக்கலாம், லோரியிலிருந்து விழுந்திருக்கலாம். சேணத்தின் முன்மேட்டைத் தொடையில் ஊன்றி, பின்மேட்டை இரண்டு கையாலும் உங்களை நோக்கி இழுங்கள். லேசாக ஸ்பிரிங் போல் கொடுத்தால் சரி, பல சேணங்கள் அப்படித்தான். இருக்கையின் குறுக்கே ஆழமான மடிப்பு விழுந்தால், கிரீச் என்று சத்தம் வந்தால், ஒரு பக்கம் மட்டும் வளைந்தால், வைத்துவிட்டு வாருங்கள். முன் வளைவின் இரண்டு முனைகளையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், அங்கேயும் அசைவு கூடாது.

பிறகு வயிற்றுவார் மாட்டும் பட்டைகள். ஓட்டைகள் நீளவாக்கில் இழுபட்டிருந்தால், மடித்தால் தோல் வெடித்தால், தையல் நூல் பிய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பட்டையை மாற்றலாம், அதற்காகச் சேணத்தையே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். சேணத்தைக் கவிழ்த்து இரண்டு பேனலும் ஒரே உயரமா என்று பாருங்கள். கம்பளி கட்டி தட்டியிருந்தால் தடவும்போதே கூழாங்கல் மாதிரி தெரியும். அதையும் பிரித்து மறுபடி அடைக்கலாம், ஆனால் அந்த வேலை தெரிந்தவர் நம் பக்கம் அபூர்வம், அதனால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

"ஆன்லைன்ல புதுச் சேணம், வாரோட, அங்கவடியோட ரொம்ப மலிவா வருதே அங்கிள்?"

வருகிறது. கான்பூர் சேணம் என்றால் அதற்குப் புவிசார் குறியீடே உண்டு, இங்கிலாந்துக்கு வால்சால் எப்படியோ இந்தியாவுக்குக் கான்பூர் அப்படி. அங்கிருந்து முதல் தரமும் வருகிறது, பெயரே போடாமல் மூட்டை விலைக்கு விற்கிறதும் வருகிறது. ஊரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் பார்க்கப்போவது முந்திய பதிலில் சொன்ன அதே சோதனைகளைத்தான், புதுசுக்கும் சேர்த்து. மலிவானதில் நான் கண்ட கோளாறுகள்: இரண்டு பக்கமும் சமமில்லாத ட்ரீ, ஒரு விரல்கூட நுழையாத வாய்க்கால், சாயம் போய் வெள்ளைக் கால்சட்டையில் ஒட்டிக்கொள்ளும் தோல். திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள், துணி விரித்து அழுக்காகாமல் வைத்துப் பாருங்கள், அழுக்கானால் திருப்ப முடியாது.

"சேணம் எடுத்துட்டு வந்தாலே கடிக்க வருது. கெட்ட குணமா?"

போன மாதம் வரை கடிக்காத குதிரைக்குத் திடீரென்று எப்படிக் கெட்ட குணம் வரும்? காதைப் பின்னால் மடிப்பது, வார் இறுக்கும்போது வயிற்றை உப்புவது, ஏறியதும் முதுகைக் குழிப்பது, மேட்டில் ஏற மறுப்பது, இதெல்லாம் பெரும்பாலும் வலியின் பேச்சு. சேணத்தை எடுத்துவிட்டு முதுகெலும்புக்கு இரண்டு விரல் தள்ளி, விரல் நுனியால் மிதமாக அழுத்தியபடி முன்னிருந்து பின்னுக்குப் போங்கள். ஒரு இடத்தில் சட்டென்று முதுகு தாழ்ந்தால் அங்கே வலிக்கிறது. வயிற்றுப் புண்ணும் இதே அறிகுறியைக் காட்டும், ரேஸ் குதிரைகளில் அது சகஜம். சேணம் சரி என்று தெரிந்த பிறகும் கடித்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

"முதுகுல அங்கங்க வெள்ளை முடி வந்திருக்கு, வயசா?"

வயசு முகத்தில் தெரியும். சேணம் உட்காரும் இடத்தில் திட்டாக வந்தால் அது பழைய அழுத்தத்தின் தழும்பு, ரோமக்கால் அடிபட்டு நிறம் இழந்தது. எப்போது அடிபட்டது என்று சொல்ல முடியாது, உங்களுக்கு முன்னால் இருந்தவர் போட்டதாகவும் இருக்கலாம். குதிரை வாங்கிய அன்றே முதுகைப் படம் எடுத்து வைத்தால் பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தால் உங்கள் சேணம்தான், தேடுங்கள்.

"ஆறு மாசம் கச்சிதமா இருந்த சேணம் இப்போ ஏன் ஆடுது?"

குதிரை மாறிவிட்டது, அல்லது சேணம் மாறிவிட்டது. பந்தயத்திலிருந்து வருகிற குதிரை பெரும்பாலும் பிடரிமேடு துருத்தி, அதற்கு இரண்டு பக்கமும் குழி விழுந்து இருக்கும். நல்ல தீனியும் நிதானமான வேலையும் கிடைத்தால் அந்தக் குழி தசையால் நிரம்பும். இந்த சிந்தெட்டிக் சேணத்தை வாங்கியபோது வீராவுக்குப் பச்சை இரும்பு, எட்டு மாதத்தில் கறுப்பு, இப்போது நீலம். நிறம் மாற்றும் சேணம் என்று மேலே சொன்னது இதற்குத்தான், இரும்பை மாற்ற முடியாத சேணமாக இருந்திருந்தால் மூன்று வாங்கியிருப்பேன்.

சேணமும் சும்மா இருப்பதில்லை. புதிய கம்பளி முதல் சில மாதத்தில் நன்றாக அமுங்கும், பிறகு மெதுவாக. நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயரை எடுத்து அட்டை வரைகிறேன், பழைய அட்டையின்மேல் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"எங்க குதிரை குட்டை, உருண்டை. சேணம் கழுத்துக்கு ஓடுது."

குண்டனின் கதை. குடா பாடிக்குப் பிடரிமேடு இருக்கிறதா என்று தேட வேண்டும், முதுகு பீப்பாய். சேணம் பிடித்து நிற்க மேடு இல்லாததால் இறக்கத்தில் முன்னால் ஓடும். எல்லாரும் செய்வது வாரை இன்னும் இறுக்குவது, பாவம் அதற்கு மூச்சு முட்டும். அகலமான, வளைவு மொட்டையான ட்ரீயும் தட்டையான பேனலும் தேடுங்கள். கூர்மையான வளைவு இங்கே எலுமிச்சம்பழத்தின்மேல் வைத்த கவட்டைதான். வார் மாட்ட முன்னால் ஒரு பட்டை இருக்கிற சேணம் உதவும். அதுவும் போதாவிட்டால் வாலுக்கு அடியில் போய் வருகிற வால்வார். முதல் நாள் அதைப் போட்டதும் ஏறிவிடாதீர்கள், சில நாள் சும்மா நடத்திப் பழக்குங்கள்.

குட்டைக் குதிரைக்குத் தீனியைக் குறைப்பதும் சேணம் பொருத்தும் வேலையில் சேர்த்திதான். இதைச் சொன்னால் என் பிள்ளைகளுக்கே கோபம் வருகிறது.

"எப்பவும் வலது பக்கமாவே சரியுது. பேனல்ல கம்பளி கூட்டிடவா?"

அவசரப்படாதீர்கள். முதலில் உங்களைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறவர்கள் நிறைய. எப்போதும் இடப்பக்கம் தரையிலிருந்தே ஏறினால் அங்கவடி வார் ஒன்று நீண்டுவிடும், ட்ரீயும் முறுக்கிக்கொள்ளும். இரண்டு வாரையும் அடிக்கடி இடம் மாற்றுங்கள், ஏறுவதற்குப் படியாக ஒரு பழைய பால்கிரேட் (பால் பாக்கெட் வரும் பிளாஸ்டிக் பெட்டி) போதும்.

அப்புறம் குதிரையின் பின்காலைப் பாருங்கள். பின்காலில் கண்ணுக்குத் தெரியாத அளவு நொண்டல் இருந்தாலே சேணம் ஒரு பக்கம் சரியும். ஆராய்ச்சியில் அப்படிப்பட்ட குதிரைகளுக்குக் காலில் மரத்துப்போகும் ஊசி போட்டு நொண்டலை நிறுத்தியபோது, பெரும்பாலானவற்றில் சேணச் சரிவும் நின்றது. நீங்கள் கம்பளியைக் கூட்டி நேராக்கினால் நோயை மறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

"ட்ரீயே இல்லாத சேணம் இருக்காமே, எல்லாக் குதிரைக்கும் பொருந்துமாமே?"

இருக்கிறது. உருண்டை முதுகு, லேசான ஆள், குறைந்த நேரம் என்றால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எடையைப் பரப்பச் சட்டம் இல்லாததால் அங்கவடி தொங்கும் இடத்தில் அழுத்தம் கூடும், முதுகெலும்புக்கு வழிவிட அதற்கென்று நடுவில் இடைவெளி வைத்த பேட் தேவை. துருத்திய பிடரிமேடும் கனத்த ஆளும் என்றால் வேண்டாம். "எல்லாக் குதிரைக்கும்" என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு 650 ரிங்கிட் ஞாபகம் வரும்.

"நான் 92 கிலோ மாமா. ஏறலாமா?"

ஆளும் சேணமும் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் என்பது பரவலான கணக்கு, நம் வெயிலில் அதற்கும் குறைவாக வைப்பது நல்லது. தராசு இல்லையே என்றால் டேப் போதும். பிடரிமேட்டுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட கிலோ வரும். சுற்றளவு 185, நீளம் 160 என்றால் 461 கிலோ. அதில் 20 சதவீதம் 92 கிலோ. உங்கள் எடை மட்டுமே அவ்வளவு தம்பி, சேணத்தை யார் தூக்குவது?

"தோல் சேணத்துல பூஞ்சணம். வெயில்ல காய வச்சா போயிடுமா?"

வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். வீட்டுக்கு வெளியே, ஓரமாக, காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், மடிப்பு உள்பக்கம் உட்பட. நிழலில் காற்றாடி போட்டு முழுக்கக் காயவிட்டு, பிறகு கிளிசரின் சோப்பு, பிறகு மெல்லியதாகத் தோல் எண்ணெய். எண்ணெயை ஊற்றி ஊறவைத்தால் தோல் கொழகொழவென்று ஆகி தையலும் தளரும். பிளாஸ்டிக் பையில் மட்டும் கட்டி வைக்காதீர்கள், பழைய பருத்தி வேட்டி போர்த்தினால் போதும்.

"அந்த 650 ரிங்கிட் சேணம் இன்னும் இருக்கா அண்ணே? விப்பீங்களா?"

இருக்கிறது, ட்ரீ நன்றாகவே இருக்கிறது, வெறும் குறுகல்தான். மாதா மாதம் துடைத்து வைத்திருக்கிறேன். ஒடுங்கிய முதுகுள்ள குதிரை உங்களிடம் இருந்தால் அட்டையை வெட்டிக்கொண்டு ஞாயிறு காலை லாயத்துக்கு வாருங்கள், பொருந்தினால் காசு வேண்டாம், தூக்கிக்கொண்டு போங்கள். அட்டை இல்லாமல் வந்தால் டீ மட்டும்தான்.